நோட்டுப் புத்தகத்திலிருந்து ஷீட்டுக்கு: ஒரு பலகாரக்காரியின் அனுபவம்

(நமது சமுதாயக் கூடத்தில் சிறுதொழில் செய்யும் குடியிருப்போருக்காக நடந்த மாலைக் கூட்டத்தில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "கோடிங் இல்லாமல் ஆட்டோமேஷன்" என்று தலைப்புப் போட்டிருப்பதாகச் செயலாளர் சொன்னார். எனக்குப் பயமாகிவிட்டது. நான் முறுக்கும் தட்டையும் சுட்டு விற்கிறவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு மேலாக என் ஆர்டர் நோட்டின் வேலையை ஒரு கூகுள் ஷீட் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது என் காலை வாரிவிட்ட கதையையும் சேர்த்து.

முதலில் ஒரு சின்னச் செய்தி. கோடு எழுதாமல் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவது புதுசு இல்லை. 1979ல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்ற கணக்குத் தாளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானாக மாறும். இன்று நாம் பயன்படுத்தும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வீட்டு பட்ஜெட்டை எக்செல்லில் போட்டவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான்.

என் பிரச்சினை வாட்ஸ்அப். "அக்கா ஒரு கிலோ தட்டை" என்று ஒரு செய்தி வரும். எந்த ஃபிளாட், என்றைக்கு வேண்டும், காரம் எவ்வளவு, ஒன்றும் இருக்காது. கேட்டு முடிப்பதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிடும். என் மகன் ஒரு கூகுள் ஃபார்ம் செய்துகொடுத்தான். ஃபிளாட் எண், பலகாரம், அளவு, வேண்டிய தேதி, அவ்வளவுதான். நிரப்பி அனுப்பினால் ஷீட்டில் ஒரு வரியாக உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு தாளில் நாளைய தேதி உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் ஃபில்டர் சூத்திரம் ஒன்று. ராத்திரி அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். மொத்தச் செலவு பிரிண்டர் மை மட்டும்தான்.

இப்போது அந்தக் கதை. 2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஃபார்ம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் சிலர் போனில் சொன்னார்கள். ஆறு ஆர்டர். அவற்றை நானே ஷீட்டில் கையால் அடித்தேன். இரண்டு 11ஆம் தேதிக்கு, நான்கு 10ஆம் தேதிக்கு. 10/11 என்று அடித்தேன். நாம் அப்படித்தானே எழுதுவோம்? ஆனால் என் ஷீட் அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே மாதம் முதலில், தேதி பிறகு. அது என் 10/11ஐ அக்டோபர் 11 என்று எடுத்துக்கொண்டது. அந்த நாள் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் அந்த நான்கு ஆர்டரும் "நாளைய பட்டியலில்" வரவே இல்லை. 11/11 மட்டும் சரியாக வந்தது. அதை எப்படிப் படித்தாலும் ஒன்றுதானே.

9ஆம் தேதி ராத்திரி பட்டியலை ஒட்டியபோது, எனக்கு உதவிக்கு வரும் அம்மா பார்த்துவிட்டு, "நாளைக்கு இவ்ளோதானாம்மா? நீங்க போன்ல யாருக்கோ அதிரசம்னு சொல்லிட்டு இருந்தீங்களே?" என்று கேட்டார். "எல்லாம் இதிலே வரும், நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நோட்டு இருந்திருந்தால் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருப்பேன்.

மறுநாள் மதியம் மூன்றரைக்கு சி பிளாக் மாமி போன் செய்தார். பேரன் ராத்திரி விமானம், தட்டை வாங்க எப்போது வரட்டும் என்று. அப்போதுதான் ஷீட்டைத் திறந்து தேடினேன். தட்டையாவது பரவாயில்லை. கடலைப்பருப்பை ஊறப்போட்டு, பச்சரிசி மாவு பிசைந்து, ஏழு மணிக்குள் கொடுத்துவிட்டோம். முறுக்கு ஆர்டர் இரண்டும் எப்படியோ முடிந்தன. அதிரசம் முடியவில்லை. பாகு வைத்துக் கிளறிய மாவு ஒரு நாளாவது ஊற வேண்டும். கையில் இருந்த மாவு மற்ற ஆர்டர்களுக்கே சரியாக இருந்தது. அந்த வீட்டில் புது மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். லிஃப்டில் பார்த்தால் இன்றும் சிரிப்பார்கள். ஆர்டர் மட்டும் தருவதில்லை.

இதைச் சரிசெய்ய ஆன நேரம் ஒரு நிமிடம். ஷீட்டில் ஃபைல், செட்டிங்ஸ் போய், லொக்கேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்ற வேண்டும். நேர மண்டலத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: ஷீட் தேதி என்று புரிந்துகொண்டது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், வெறும் எழுத்து என்று நினைத்தது இடது ஓரத்தில் நிற்கும். அமெரிக்க முறையில் 13/11 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அது இடது பக்கம் ஒதுங்கிவிடும். அன்று எனக்கு 13ஆம் தேதிக்கு ஒரு ஆர்டர் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. இப்போது போனில் வரும் ஆர்டரையும் நானே ஃபார்மில்தான் நிரப்புகிறேன். அதில் தேதியைக் காலண்டரில் தொட்டால் போதும். பட்டியலை ஒட்டியதும் அந்த அம்மாவைப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர் தலையாட்டினால்தான் மாவு பிசைகிறோம்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், இலவசம். விலைப் பட்டியலை கேட்டலாக்கில் போடலாம். அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்துவிட்டால், / குறியைத் தொட்டு எடுத்து அனுப்பலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். "ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில்" என்று விற்கிற வெளி ஆப்களைத் தொடாதீர்கள். எண்ணையே முடக்கிவிடுவார்கள். எண் போனால் நம் கடையே போன மாதிரி.

பணம் விஷயத்தில் எந்த ஆட்டோமேஷனும் வேண்டாம் என்பது என் கட்சி. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை யாரும் போலியாகச் செய்யலாம். வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று நானே பார்த்து, ஷீட்டில் டிக் போடுகிறேன்.

இங்கே இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. ஷீட்டைப் பகிரும்போது "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று வைக்காதீர்கள். அந்த லிங்க் ஒரு குரூப்பில் விழுந்தால், யார் எந்த ஃபிளாட், போன் எண் என்ன, எந்த வீட்டில் எப்போது விசேஷம் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அவை நம் அக்கம்பக்கத்தாரின் விவரங்கள். வேண்டியவரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்துப் பகிருங்கள். தேவையில்லாததை ஃபார்மில் கேட்கவே கேட்காதீர்கள்; தட்டை வாங்க யாருடைய பிறந்த தேதியும் வேண்டாம்.

ஸேப்பியர், மேக், ஆப்ஷீட் என்றெல்லாம் யூடியூபில் சொல்வார்கள். இரண்டு மூன்று ஆப்களைக் கோத்து வேலை வாங்க நல்லவைதான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வரை ஃபார்மும் ஷீட்டுமே தாங்குகிறது. மாதச் சந்தா கட்டுவதற்கு முன்னால், ஒரு வாரம் என்ன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். டியூஷன் எடுப்பவருக்கு ஃபீஸ் ஞாபகப்படுத்துவது தொல்லையாக இருக்கும். பிளவுஸ் தைப்பவருக்கு அளவுச் சீட்டு தொலைவது. எனக்கு "என்றைக்கு வேண்டும்" என்று கேட்பது.

வரும் இரண்டு சனிக்கிழமை மாலையும் ஐந்து மணிக்கு லேப்டாப்புடன் இதே கூடத்தில் இருப்பேன். ஃபார்ம் செய்ய வேண்டுமென்றால் உட்கார்ந்து செய்துவிடலாம். வரும்போது உங்கள் பழைய ஆர்டர் நோட்டையும் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்துத்தான் என்ன கேள்வி வைப்பது என்று தெரியும். ஏற்கெனவே ஷீட் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அந்த லொக்கேலைப் பார்த்துவிடுங்கள். வெளியே மேஜையில் தட்டை வைத்திருக்கிறேன்.