பயிற்சி எங்கு நடந்தது என்பதா கேள்வி?

2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை உங்கள் முன் வைக்கிறேன். தன் படங்களை அனுமதியின்றி எடுத்துச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்ததாக ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது புகைப்பட நிறுவனமான கெட்டி இமேஜஸ் வழக்குத் தொடுத்திருந்தது. அந்தக் குற்றச்சாட்டை விசாரணையின் நடுவிலேயே அது கைவிட நேர்ந்தது. பயிற்சி பிரிட்டன் மண்ணில் நடந்ததற்குச் சான்று இல்லை. பயிற்றுவிக்கப்பட்ட அந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரி, படங்களைத் தனக்குள் சேமித்து வைக்கவில்லை, ஆகவே அது சட்டம் சொல்லும் நகல் ஆகாது என்று கூறி, கெட்டியின் அடுத்த வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. வணிக முத்திரை தொடர்பாகக் கெட்டிக்குச் சிறிதளவே வெற்றி கிடைத்தது. படங்களை எடுத்துப் பயிற்றுவித்தது உரிமை மீறலா என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் அந்தத் தீர்ப்பு வந்தது.

இந்த எல்லைச் சிக்கல் பழையது. பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தம் அயல்நாட்டுப் படைப்பாளிக்கும் பாதுகாப்பு தந்தது. ஆனால் எந்த நாட்டில் பாதுகாப்புக் கேட்கிறாரோ அந்த நாட்டுச் சட்டப்படிதான். ஜப்பான் 2018-இல் திருத்திய சட்டம் இத்தகைய பயிற்சிக்குப் பெருமளவு இடம் கொடுக்கிறது. சட்டம் எங்கே இளகியிருக்கிறதோ அங்கே பயிற்சியை வைத்துக்கொண்டு, விளைந்ததை உலகெங்கும் விற்கலாம் என்றால் எழுதியவருக்கு என்ன மிஞ்சும்? 2024-இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கில், தன் சர்வர்கள் இந்தியாவில் இல்லை என்றுதான் ஓப்பன்ஏஐ டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. நூலாசிரியர்கள் தொடுத்த வழக்கில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-இல் 150 கோடி டாலர் தர இசைந்ததே, அதுவும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்கு மட்டும். நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அங்கே போய்ப் பதிந்திருப்பார்கள்?

ஆகவே சொல்கிறேன்: பயிற்சி நடந்த மண்ணைத் தேட வேண்டாம், விற்கும் மண்ணின் சட்டம் பேசட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. பயிற்சி எங்கே நடந்திருந்தாலும் ஐரோப்பியச் சந்தைக்கு வருபவர் அங்குள்ள பதிப்புரிமையை மதிக்க வேண்டும் என்கிறது. அது சட்டத்தின் முகவுரைப் பகுதியில் இருப்பதால் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்ற விவாதம் உண்டு, ஆனால் திசை சரியானது. பிற நாட்டு எல்லைக்குள் மூக்கை நுழைப்பதாகாதா என்பார்கள். வெளிநாட்டு மருந்து இங்கே விற்க நம் அனுமதி பெறுகிறதே, அதை அத்துமீறல் என்று யாரும் சொல்வதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கட்டுப்பாடு வந்தால் தமிழ் போன்ற மொழிகள் இந்தக் கருவிகளில் இளைத்துப்போகும் என்பது. இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய நூல்கள், பாரதியின் படைப்புகள் தொடங்கி, எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவையும் அப்படியே. அவற்றிலிருந்து தொடங்கட்டும். இன்று எழுதுபவரின் நூல் வேண்டுமென்றால் கேட்டு, விலை கொடுத்து வாங்கட்டும். எந்தெந்த நூல்களில் பயின்றது என்று வெளியிடாத கருவிக்கு இந்தியச் சந்தையில் இடமில்லை என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாடாளுமன்றம் எழுதிச் சேர்க்க வேண்டும்.