புதிய வானொலிப் பெட்டியை ஒழுங்குசெய்தல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துவடிவம்)



அமெச்சூர் வானொலி என்பது பணம் பெறாது, விருப்பினாலும் பயிற்சியினாலும் ஒருவரோடொருவர் வானலையிற் பேசுங் கலையாகும். அனுப்புதலையும் வாங்குதலையும் ஒரே பெட்டியிற் செய்யும் கருவியை ரான்சீவர் என்பர். அதனைப் புதிதாய் வாங்கியவர் முதன்முதலிற் செய்யவேண்டியவை எவை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதியை நாம் மறக்கமுடியுமா? மருதங்கேணியிலும் முல்லைத்தீவிலும் கடல் ஏறிய அந்நாளில், தெற்கே அம்பாந்தோட்டையும் அழிந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தார் அங்கே சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்புக்குச் செய்தி அனுப்பினர். அந்தமானிலோ, உலகோருடன் தொடர்புகொள்ளும் விருப்பத்தாற் போர்ட் பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினரிடம் பெட்டிகள் முன்னமே ஒழுங்குசெய்யப்பட்டு இயங்கிக்கொண்டிருந்தன. அதனாலன்றோ அவை அக்கணமே உதவிக்கு வந்தன! வெள்ளம் வந்தபின் அணை கட்டமுடியாது. ஆபத்து வேளையிற் பெட்டி பேசுமா பேசாதா என்பது, அமைதியான நாளில் நாம் செய்துவைத்த ஒழுங்கிலேயே தங்கியிருக்கின்றது.

முதலாவது உரிமம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியின்றி இவ்வியந்திரத்தை இறக்குமதி செய்தலும் கூடாது, இயக்குதலுங் கூடாது. போர்க்காலத்தில் மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். கேட்பதற்கே அவ்வளவு பாடுபட்ட நமக்கு, பேசும் உரிமை எத்துணைப் பெறுமதியானது! அதனைச் சட்டத்தின் வழிநின்று காத்தல் நம் கடமை.

இரண்டாவது மின்சாரம். 100 வாற் வலுவுடைய பெட்டிக்கு 13.8 வோல்ற் அளவில் ஏறக்குறைய 20 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். சிவப்பு வயர் நேர்முனைக்கு, கறுப்பு வயர் எதிர்முனைக்கு; மாறினாற் பெட்டி பாழாம். பியூஸை நீக்கிவிட்டு நேரே வயரை முடிச்சுப் போடுதல் நம்மூரிற் சிலருக்குப் பழக்கம். இங்கே அது தீயை அழைப்பதற்குச் சமம். மின்வெட்டுக்கு அஞ்சுவோர் கார்ப் பற்றறியொன்றையும் சூரியத் தகட்டையும் ஆயத்தமாக வைத்துக்கொள்க.

மூன்றாவது ஏரியல். ஏரியல் பூட்டாமல் ஒருபோதும் அனுப்பும் விசையை அழுத்தலாகாது. அனுப்பிய சக்தி வெளியேற வழியின்றித் திரும்பிவந்து பெட்டியையே தாக்கும். 7 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு ஏறக்குறைய 20 மீற்றர் நீளமான கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பனைகளுக்கிடையே கட்டினாற் போதும். உயரம் குறைந்த இக்கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வானிற் பட்டுத் திரும்பிப் பகலிற் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இறங்கும். நமது தட்டையான நிலத்தில் நேர்கோட்டிற் செல்லும் சிறு கைக்கருவி சில பத்துக் கிலோமீற்றருக்கு மேற் செல்வது அரிது. ஆகவே தூர ஊருக்குச் சேதிசொல்ல இக்கம்பியே துணை. கடற்காற்றின் உப்புப் பூட்டுக்களை அரிக்குமாதலால் அவற்றை நீர்புகாது நாடாவாற் சுற்றுக. இடிமுழக்கங் கேட்குமுன்னரே ஏரியலைக் கழற்றிவிடுக.

இனிப் பெட்டியின் உள்ளொழுங்குகளுக்கு வருவோம். கடையிலிருந்து வரும் பெட்டி எந்த நாட்டுக்கென்று செய்யப்பட்டதென முதலிற் பார்க்கவேண்டும். வானலைப் பங்கீட்டுக்காக உலகம் 3 வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளது; இலங்கை 3ஆம் வலயத்தில் உள்ளது. அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டி 7.3 மெகாஹேர்ட்ஸ் வரை பேசவிடும். நம் வலயத்திலோ 7.2க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் இடம். பெட்டி அனுமதிப்பதெல்லாம் சட்டம் அனுமதிப்பதன்று. உரிமப் பத்திரத்தில் எழுதியதே எல்லை.

அடுத்தது கடிகாரம். உலக வானொலியாளர் யாவரும் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொதுநேரத்தையே குறிப்பர். நமது நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க. சனவரி 2ஆந் திகதி அதிகாலை 4 மணிக்குப் பேசினால், குறிப்பேட்டில் சனவரி 1ஆந் திகதி 22 மணி 30 நிமிடம் என்றே எழுதவேண்டும். 1996இல் முன்னே தள்ளப்பட்ட இலங்கை நேரம் 2006 ஏப்ரலிலேதான் பழைய கணக்குக்கு மீண்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ளூர் நேரத்தை எழுதியவர்களின் குறிப்பேடு எவ்வளவு குழப்பந் தரும் என்று எண்ணிப்பாருங்கள்!

இடக்குறியைப் பதிவதிலும் நமக்கொரு புதுமை உண்டு. உலகத்தைக் கட்டங்களாக வகுத்து எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் முறையில், 80 பாகைத் தீர்க்கரேகை ஒரு பெரிய எல்லைக் கோடு. அக்கோடு நம் குடாநாட்டினூடே செல்கின்றது! யாழ்ப்பாண நகரும் பருத்தித்துறையும் என்.ஜே.09 என்ற கட்டத்தில் உள்ளன; வட்டுக்கோட்டையும் காரைநகரும் ஊர்காவற்றுறையும் எம்.ஜே.99 என்ற கட்டத்தில் உள்ளன. அயலவர் குறியைப் பார்த்து எழுதாமல், தத்தம் வீட்டின் இடத்தைத் தாமே கணித்துப் பதிக.

பேச்சுக்குரிய பக்க அலையையும் கவனிக்க. 10 மெகாஹேர்ட்சுக்குக் கீழே கீழ்ப்பக்க அலையும், மேலே மேற்பக்க அலையும் வழக்கம். மாறிவைத்தாற் குரல் வாத்தின் சத்தம்போற் கேட்கும். ஒலிவாங்கியின் அளவை மிகக் கூட்டுதல் புதியோர் எல்லோருக்கும் உள்ள ஆசை. உரத்துக் கத்தினால் தூரம் போகும் என்பது சந்தையிற் சரி. வானலையிலோ குரல் சிதைந்து அக்கம்பக்கத்து அலைகளையுங் கெடுக்கும். அளவுகாட்டியைப் பார்த்து அடக்கமாக வைக்க. முதல்நாளில் வலுவை 10 வாற்றுக்குக் குறைத்து, ஏரியலிலிருந்து திரும்பிவரும் சக்தி மிகச் சிறிது என்று கண்டபின்னரே கூட்டுக.

பின்பு நினைவறைகளை நிரப்புங்கள். 3 600, 7 110, 14 300 கிலோஹேர்ட்ஸ் ஆகியவை 3ஆம் வலயத்தில் ஆபத்துக்கால உதவிக்கென அமெச்சூர் சங்கங்கள் குறித்துவைத்த நடுவிடங்கள். உரிமம் இடந்தருமாயின் இவை முதல் அறைகளில் இருக்கட்டும். இருட்டில் நடுங்குங் கை, எண்களைத் தேடமாட்டாது.

கடைசியாக, செய்த ஒழுங்குகள் யாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பெட்டியின் அருகே வைக்க. பெட்டி பழுதுற்று எல்லாம் அழிந்தாலும், வீட்டிலுள்ள வேறொருவர் அதைப் பார்த்து மீண்டும் ஒழுங்குசெய்யலாம். ஆயினும் உரிமம் உடையவரே பேசலாம். ஆதலால் நம் இளைஞர் பலர் பரீட்சை எழுதி உரிமம் பெறுதல் வேண்டும். ஊருக்கு ஒரு பெட்டியிருந்து, அதனை இயக்க வல்லவர் ஒருவர்மட்டும் இருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளிற் புயல் வந்தால் என்செய்வது?

எல்லாம் முடிந்தபின்னும் உடனே பேசவேண்டாம். ஒரு கிழமை காதுகொடுத்துக் கேளுங்கள். யார் எப்படி அழைக்கின்றனர், எப்படி விடைபெறுகின்றனர், இடையே ஒருவருக்கு ஆபத்தென்றால் மற்றோர் எவ்வாறு வழிவிட்டு ஒதுங்குகின்றனர் என்பவற்றையெல்லாம் கேட்டே அறியலாம். கேட்கத் தெரிந்தவனே வானலையில் நல்ல பேச்சாளன்.