பயத்தின் பக்கத்தில் ஒரு பாட்டு



நம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயதான அம்மா ஒருவர். இரண்டு கண்ணிலும் புரை. கண் முகாமில் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு மதுரைக்கு வரச் சொன்னார்கள். வண்டி ஏறும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, முழிச்சிருக்கும்போதே கண்ணுல கத்தி வைப்பாகளாமே!" என்றார். "பயப்படாதீங்கம்மா, செபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வண்டி அவர் இல்லாமலே போனது.

அடுத்த முகாமுக்குப் பேத்தி கூடப் போனாள். பாட்டிக்குப் பிடித்த மாதா பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துப் போனாள். மருத்துவமனையில் அனுமதி கேட்டதும், தலைமாட்டில் மெதுவாக ஒலிக்க விட்டார்கள். திரும்பி வந்த அம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு மரத்துப்போக மருந்து போட்டாக சாமி. மனசை அமத்துனது பாட்டுதான்."

இது புதிதல்ல. இவான் கேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நோயாளியின் பயம் தணிய அறுவை அறையில் இசைத்தட்டுப் பெட்டி வைத்ததை 1914-இல் மருத்துவ இதழில் எழுதினார். 2013-இல் 26 ஆய்வுகளை, 2051 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுவைக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. மரப்பு மருந்தின் வேலையை இசை செய்யாது. ஆனால் மருந்து தொடாத பயத்தை அது தொடுகிறது. சவுல் அரசர் கலங்கியபோது தாவீது யாழ் மீட்டியதும் இதற்காகத்தானே!

நம் ஆண்டவரும் இறுதி இராவுணவு முடிந்து, சீடரோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் போனார். அங்கே அவரும் அஞ்சிக் கலங்கினார் என்கிறார் மாற்கு. ஆகவே பயப்படுகிறவரை விசுவாசம் இல்லாதவர் என்று எண்ணாதீர்கள். தம்மோடு விழித்திருக்கும்படி இயேசு கேட்டார்; சீடர்கள் தூங்கிவிட்டார்கள். அன்று அந்த அம்மாவிடம் நானும் தூங்கிய சீடன்தான். விழித்திருந்தவள் பேத்தி.

உங்கள் வீட்டில் யாரேனும் அறுவைக்கோ, ஸ்கேனுக்கோ போகிறார்களா? எந்தப் பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்தது வேண்டாம், அவருக்குப் பிடித்தது. மருத்துவரிடம் அனுமதி கேளுங்கள். உள்ளே விடாவிட்டால், கதவு வரை கூடப் போய் மெல்லப் பாடுங்கள். அதுவும் செபமே.

நோயுற்றோர் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.