விடுமுறை நாட்கள் நீங்கலாக



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு கேட்டபோது, ஒரு சட்டத்திலிருந்து மூன்று சொற்களை எடுத்துக் கொடுத்தேன். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒருவேளை மதிய உணவு இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. ‘நாள்தோறும்’ என்ற சொல்லை ஒட்டியே ஒரு விலக்கும் வருகிறது: பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக.

உணவு உரிமை பேசுகிற பலரும் வேகமாகக் கடந்துபோகிற இடம் இது. இன்று அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் சமைத்த உணவு ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை வராமல் போயிருந்தால் பல மாநிலங்களில் அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு 365 நாள். மீதி 165 நாளில் நீளமான தொடர்ச்சி கோடை விடுமுறைதான்.

அந்த மே மாதத்தில் நம் குடியிருப்புகள் எப்படி இருக்கின்றன? டெல்டாவில் சம்பா அறுவடை மாசியோடு முடிந்துவிடும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நடுவில் நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு வயல் வேலை அரிது. நூறு நாள் வேலை கிடைத்தால் அம்மா காலையிலேயே கிளம்பிவிடுவார். செங்கல் சூளைக்குப் போன குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிப் போயிருக்கும். கூலி வராத மாதமும் பள்ளிச் சோறு இல்லாத மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ‘லீவுக்கு மட்டும்’ என்று வேலைக்குப் போகிற பையன் ஜூனில் வகுப்புக்குத் திரும்பாமல் போவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

“ரேஷன் அரிசிதான் இலவசமாகக் கிடைக்கிறதே” என்று கேட்பார்கள். கிடைக்கிறது. தமிழ்நாடு போராடிக் காத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அரிசி மட்டுமே உணவாகிவிடாது. பள்ளி நாள்தோறும் தட்டில் விழுகிற முட்டை மே மாதத்தில் நின்றுவிடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் அடுத்து ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

ஏன் இந்த விலக்கு? இதன் வேர் திட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பள்ளிக்குப் பிள்ளைகள் வரவேண்டும் என்பது நோக்கம். 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுத் தொடர்ச்சி உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் சோறு பெருகியது, முட்டை சேர்ந்தது. ஆனால் சோறு பள்ளி வருகையோடு கட்டப்பட்டே இருந்தது. பள்ளி மூடினால் வருகைப் பதிவேடு மூடும். பதிவேடு மூடினால் அடுப்பும் அணையும்.

இதே 5ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக உணவு சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே விடுமுறை விலக்கு இல்லை. ஆறு வயது தாண்டியதும் அதே பிள்ளையின் பசிக்கு விடுமுறை அட்டவணை வந்துவிடுகிறது. 2015இல் வந்த மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நாளில் உணவு தராமல் போனால் அதற்கு ஈடாக உணவுப் படி தரவேண்டும். விடுமுறை நாளுக்கு அதுவும் கிடையாது. உரிமை குழந்தைக்கு உரியது என்றால், குழந்தை இருக்கும் நாளெல்லாம் அது இருக்கவேண்டும்.

நீதிமன்றம் இதை ஒருமுறை தொட்டது. 2004 ஏப்ரல் 20 ஆணையில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்றது. அதே ஆணை, சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது. இரண்டும் ஒரே ஆணையில் இருப்பதை நாம் சேர்த்தே வாசிக்கவேண்டும். யார் சாப்பிடுகிறார்கள் என்பதும் யார் சமைக்கிறார்கள் என்பதும் நமக்கு ஒரே கேள்வி.

2018 சூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு கரண்டியை யார் பிடிப்பது என்பதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகவேண்டியிருந்தது.

ஆகவே கோடை உணவு எந்த வடிவில் வரவேண்டும் என்பதில் நமக்குக் கவனம் தேவை. 2020இல் கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, கோடை விடுமுறைக்கும் சேர்த்து உணவு தரலாம் என்று ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். விடுமுறையில் உணவு தர முடியாது என்ற வாதம் அன்றோடு முடிந்துவிட்டது. ஆனால் உலர் பொருளில் பந்தி இல்லை. சமைப்பவரும் இல்லை. சாதி பார்க்கிற ஊருக்கு அது வசதியாகவும் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். 1969 சனவரியில் ஓக்லாந்தின் ஒரு தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைகள் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டது அந்த இயக்கத்திடமிருந்துதான். அமெரிக்க அரசின் கோடை உணவுத் திட்டமும் 1968இல் தொடங்கியது. பிள்ளைகள் மையத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது அதன் விதி. தொலைவில் இருந்த பிள்ளைகளால் வர முடியவில்லை. 2022 டிசம்பரில்தான் கிராமப்புறங்களுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2024 கோடையிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 40 டாலர் உணவு அட்டையும் வந்தது. மையம் எங்கே இருக்கிறது என்பதே யாருக்குச் சோறு என்பதைத் தீர்மானித்துவிடும். நமக்கோ, அது ஊரில் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே உண்டு.

சேர்ந்து உண்பதாலேயே சாதி ஒழிந்துவிடாது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் சொல்லிவிட்டார். அகமணத்தை உடைக்காமல் சாதி சாகாது என்பது அவர் முடிவு. அதை நினைவில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: நம் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, நம் அக்கா சமைத்ததை எல்லோரும் சாப்பிடுகிற இடம் இந்த நாட்டில் அதிகமில்லை. இருக்கிற ஒன்றையும் ஆண்டுக்கு 165 நாள் பூட்டி வைக்க வேண்டாம்.

ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் இந்தியில் எழுதிய தன்வரலாற்றின் பெயர் ‘ஜூட்டன்’. எச்சில் என்று பொருள். தரப்பட்ட சோற்றுக்கும் உரிமைச் சோற்றுக்கும் உள்ள தூரத்தை நம் இலக்கியம் அறிந்த அளவுக்கு எந்த அரசாணையும் அறியாது. அதனால்தான் இதை ஓர் இலக்கிய அரங்கில் பேசுகிறேன்.

நம் கோரிக்கைகள் எளியவை. அந்த விலக்கைச் சட்டத்திலிருந்து நீக்கவேண்டும். நீக்கும்வரை காத்திருக்காமல், மாநில அரசு மே மாதத்தில் சத்துணவு மையங்களைத் திறக்க ஆணையிடவேண்டும். முட்டையோடு சமைத்த உணவு வேண்டும். மையம் நம் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் நடந்து வரும் தொலைவில் இருக்கவேண்டும். வர முடியாத சூளைப் பிள்ளைகளுக்குச் சூளைக்கே உணவு போகவேண்டும். ஒன்றிய அரசின் திட்டத்தில் சமையலருக்கு மாதம் 1000 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம்தான். பிள்ளைக்குச் சோறு இல்லாத மாதத்தில் சமைத்தவருக்கும் கூலி இல்லை. பன்னிரண்டு மாதமும் ஊதியம் வேண்டும். 2004 ஆணையின் முன்னுரிமை நடைமுறைக்கு வரவேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற மே மாதத்தில் உங்கள் தெருவில் பகல் ஒரு மணிக்கு ஒரு வாரம் வீடு வீடாகப் போங்கள். பிள்ளை என்ன சாப்பிட்டது, யார் போட்டார்கள், அம்மா எங்கே என்று கேட்டு நாள் போட்டு எழுதுங்கள். சூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தத் தாள்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்.