குருவானவர் இல்லாத ஊரில் செபம்



அன்றாட வாழ்க்கையில் கடவுளோடு நெருங்கி இருப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கு நாம் கதைக்கப்போகும் விடயம். வன்னியில் இருந்துகொண்டு இதைக் கதைப்பதென்றால் 1658ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவர் ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தச் சபையின் கைக்குப் போயின. அதற்குப் பிறகு கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். 1658இல் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். அந்தப் பிள்ளை ஒழுங்கான ஒரு பூசையைக்கூடக் கண்டிருக்காது. ஆனாலும் வாஸ் அடிகளார் வந்து தேடியபோது செபம் தெரிந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் தாய் சொல்லிக்கொடுத்தாள், அம்மம்மா சொல்லிக்கொடுத்தாள். வேறு வழி ஏது?

மருதமடு மாதாவின் கதையும் அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, மருதமடுவில் தங்கின என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஆடி மாதத்திலும் ஆவணி மாதத்திலும் உழவு இயந்திரங்களிலும் பஸ்களிலும் அடுக்கடுக்காக மடுவுக்குப் போகிறோம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவச் சனமும் போகிறது. சொரூபம் காட்டுக்குள் வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் அடிக்கடி நினைப்பது அந்தக் குடும்பங்கள் காட்டில் கழித்த மற்ற நாட்களைப் பற்றி. சேனை வெட்டியிருப்பார்கள், யானைக்குக் காவல் இருந்திருப்பார்கள், காய்ச்சலில் கிடந்திருப்பார்கள். பொழுதுபடும்போது கூடியிருந்து செபம் சொல்லியிருப்பார்கள். சொல்லியிராவிட்டால் இன்று மடு என்று ஒரு பெயர் நமக்குத் தெரிந்திராது.

வாஸ் அடிகளார் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். தீவு முழுவதும் நடந்து திரிந்தவர், ஒரு ஊரில் அதிக நாள் தங்க முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் அண்ணாவியார், மூப்பர் என்று ஆட்களை ஏற்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் படிப்பிப்பது, சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்களுடைய வேலை. 1711 தை 16இல் கண்டியில் அவர் இறந்தார். 2015 தை 14 காலையில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் சிலர் இப்போது இதைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். கடவுளோடு நெருக்கம் என்பதை நம்மில் பலர் ஒரு உணர்ச்சி என்று நினைக்கிறோம். திருவிழாவில், நற்செய்திக் கூட்டத்தில், கண்ணீர் வரும்போது கடவுள் கிட்ட இருக்கிறார் என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து, கறிச்சட்டி கழுவும்போது அவர் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. உணர்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வன்னியின் விசுவாசம் அதில் நிற்கவில்லை. அது வீட்டின் நேரசூசியில் நின்றது. இன்ன நேரத்துக்கு, இன்ன இடத்தில், அலுப்பாக இருந்தாலும் சரி, ஒரு செபம்.

காட்டுக்குள் அந்தக் குடும்பங்கள் ஒளிந்திருந்த அதே காலத்தில் பாரிஸ் நகரத்தில் கார்மேல் துறவிகளின் மடமொன்றில் லோறன்ஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். இளவயதில் போருக்குப் போய்க் காயப்பட்டுக் கால் ஊனமானவர். படிப்புக் குறைவு, குருப்பட்டம் இல்லை. மடத்துக் குசினியில் போட்டார்கள். அவருக்கு அந்த வேலை பிடிக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றபடியே கடவுளோடு கதைக்கப் பழகிக்கொண்டார். ஒரே நேரத்தில் பத்துப்பேர் பத்துச் சாமான் கேட்கிற இரைச்சலுக்குள்ளும், கோயிலில் முழந்தாளில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதி தனக்குக் கிடைப்பதாகச் சொன்னார். பிற்காலத்தில் செருப்புத் தைத்தார். 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் தொகுத்து வெளியிட்ட சின்னப் புத்தகத்தைக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் இன்றுவரை வாசிக்கிறார்கள். காலில் காயப்பட்ட ஒரு முன்னாள் போர்வீரர், குசினி வேலையில், கடவுளைக் கண்டுகொண்டார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற நமக்கு அந்த மனிதரை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது.

முன்பு நம் வீடுகளில் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பொழுதுபட்டதும் குப்பி விளக்கைக் கொளுத்தி, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரிப்பார்கள். அம்மம்மாதான் தொடக்குவார். செபமாலையின் முதலாம் பத்து உசாராகப் போகும். மூன்றாம் பத்தில் கடைசிப் பிள்ளை தாயின் மடியில் சரிந்துவிடும். நான்காம் பத்தில் அப்பா கொட்டாவி விடுவார், அம்மம்மா குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். வெளியில் நாய் குரைத்தால் ஒரு பிள்ளை மெல்ல எழும்பிப் படலையை எட்டிப்பார்க்கும், திரும்ப வந்து முழந்தாளில் நிற்கும். முடிந்ததும் எல்லோரும் மூத்தவர்களுக்குத் தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் வீடுகளில் செபமாலைக்குப் பதிலாக வேதாகமத்தில் ஒரு அதிகாரம், ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம். அங்கேயும் அதே பாய், அதே கொட்டாவிதான். அதில் பரவசம் ஒன்றும் இருக்கவில்லை. பலநாள் வாய்தான் சொன்னது, மனம் வயலில் நின்றது. அதைச் சிலர் வெறும் சடங்கு என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சொற்கள் உள்ளே போய்ப் படிந்துகொண்டிருந்தன. அவை தேவைப்பட்ட நாள் வந்தது.

2008இன் கடைசியிலும் 2009இலும், போரின் இறுதி மாதங்களில், நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே கேட்பவர்களுக்குத் தெரியும். சேலையில் மண் நிரப்பி மூட்டை கட்டிய பங்கருக்குள் புத்தகம் ஏது, விளக்கு ஏது? செபமாலையைத் தொலைத்தவர்கள் விரல் மூட்டுகளில் எண்ணிச் செபம் சொன்னதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த சைவத் தாய் தேவாரம் சொன்னாள், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து மாறி மாறிச் சொன்னார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அம்மம்மா பாயில் இருத்திப் படிப்பித்தது அங்கே உதவியது.

குருமாரும் அந்தச் சனத்தோடுதான் போனார்கள். கிளிநொச்சியில் பங்குத்தந்தையாக இருந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை மக்களோடு இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால்வரை போய், 2009 வைகாசி 18இல் உயிர்விட்டார். அவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்தவர்கள், அவர் கையால் நன்மை வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. பல ஊர்களில் கிழமைக்கு ஒரு பூசை கிடைக்கிறது, கட்டி எழுப்பிய கோயில்கள் இருக்கின்றன. நேரம்தான் இல்லை. விடிய முன்னமே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு எந்த நேரம்? நந்திக்கடலில் இரவு இறால் பிடித்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவருக்கு எந்த நேரம்? நுண்கடன் தவணைக்கு ஆள் வருகிற நாளில் தனியாகக் குடும்பம் பார்க்கிற அம்மாவுக்குச் செபத்தில் மனம் நிற்குமா? இவர்களிடம் போய் ஒரு மணித்தியாலம் முழந்தாளில் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. லோறன்ஸ் சகோதரர் சொன்ன வழி இவர்களுக்கானது. ஏற்கெனவே செய்கிற வேலையோடு செபத்தைக் கட்டிவிடுங்கள். அடுப்பு மூட்டும்போது ஒரு சிலுவை அடையாளம். பஸ் ஏறி இருந்ததும், தொலைபேசியைக் கையில் எடுக்க முதல், அன்றைக்குச் சந்திக்கப் போகிறவர்களின் பெயரைக் கடவுளிடம் சொல்லுவது. வள்ளம் தள்ளும்போது ஒரு சொல். இரவில் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் பத்து நிமிடம், வீட்டில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேர்.

இரணைமடுவிலிருந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க முதல் கமக்காரர் இறங்கி வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள். தண்ணீரை அவர்கள் உண்டாக்குவதில்லை. ஆனால் வாய்க்கால் புல் மண்டிக் கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. நாம் செய்கிற செபமும் அந்தத் துப்புரவு வேலைதான். அருள் கடவுளுடையது.

செபிக்கவே முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். பிறகு அந்தப் போராட்டம் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரவி ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே கண் மூடியவர்களும் அவர்களில் உண்டு. அப்படி ஒரு தாய், “இனி நான் என்ன செபிக்கிறது?” என்று கேட்டால், பொறுமையாக இருங்கள் என்று சொல்லுவது பதிலாகாது. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுகள். ஏன் மறந்தீர், எவ்வளவு காலம் என்று கடவுளை நேரே கேட்கிற பாட்டுகள். யோபு கேட்டான், எரேமியா கேட்டான். சிலுவையில் தொங்கிய இயேசுவே 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கதறினார், அதுவும் ஒரு கேள்விதான். கடவுளோடு கோபிக்கிறவர் கடவுளை விட்டுப் போனவர் அல்ல. அந்நியரோடு யாரும் அப்படிச் சண்டை பிடிப்பதில்லை. அந்தத் தாய்க்குச் சொற்கள் வராவிட்டால், அவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் செபிக்கட்டும். சபை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். மீளக்குடியமர வந்தபோது பல இடங்களில் எல்லைக் கல் இல்லை, வேலி இல்லை, காணிப் பெர்மிற்றும் உறுதியும் தொலைந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் இழந்து ஒன்றாக வரிசையில் நின்று சோறு வாங்கியவர்கள் ஒரு முழ நிலத்துக்காக முகம் பார்க்காமல் போனார்கள். ஒரே கோயிலில், ஒரே பூசையில், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகி வா என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். எவ்வளவு செபமாலை சொன்னாலும், மடுவுக்கு நடந்தே போனாலும், அந்தப் படலையைத் திறந்து உள்ளே போகாமல் கடவுளை நெருங்கலாம் என்று நான் நம்பவில்லை. நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். பிரதேச செயலகத்தில் வழக்கும் நடக்கட்டும். ஆனால் அந்த வீட்டில் செத்த வீடு என்றால் போய் நில்லுங்கள். அவர்களுடைய பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற அன்று, உங்கள் இரவுச் செபத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கட்டும்.

வன்னியின் உட்கிராமங்களில் இன்றும் மாதத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை மட்டும் குருவானவரோ போதகரோ வந்துபோகிற சின்னக் கோயில்கள் இருக்கின்றன. மற்ற ஞாயிறுகளில் மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்குக் கொளுத்தி, வந்த ஏழெட்டுப் பேரோடு செபத்தைத் தொடக்குவது அந்த ஊரிலேயே இருக்கிற ஒருவர். பெரும்பாலும் ஒரு வயது போன பெண். வாஸ் அடிகளார் ஏற்படுத்திய அண்ணாவியாரின் வேலையை அவர் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், வருகிற ஞாயிறு கொஞ்சம் முந்திப் போய் அவரோடு கூட நின்று கூட்டுங்கள். அவருக்குத் தொண்டை அடைத்தால், அடுத்த செபத்தை நீங்கள் தொடக்குங்கள்.