பாத்தியையும் படம் எடுங்க, தட்டையும் படம் எடுங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



சேமிப்பு, தவணை, தணிக்கை என்று பேசிப் பேசி இந்தக் கூடத்துச் சுவருக்கே வட்டிக் கணக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இன்றைக்கு அதைக் கொஞ்சம் ஓரமா வைப்போம். போட்டோ எடுக்கிறதைப் பற்றிப் பேசப் போறேன். அதிலும் மாசமா இருக்கிற நேரத்தில் நம்ம வீட்டுத் தோட்டத்தையும், நாம அன்றாடம் செய்கிற வேலையையும் நாமே படம் எடுக்கிறதைப் பற்றி. பின்னாடி சிரிக்கிற அக்கா, கொஞ்சம் பொறுங்க.

உங்க வீட்டு ஆல்பத்தை மனசுக்குள்ள புரட்டிப் பாருங்க. தாலி கட்டினது இருக்கும். அடுத்து வளைகாப்பு. பட்டுப்புடவை, கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். அதற்கடுத்து பிள்ளைக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தினது. அவ்வளவுதான். பிள்ளையைச் சுமந்த அத்தனை மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் படத்தில் இருக்கிறது. அந்த ஒரு நாளில் நாம வேலையும் செய்யவில்லை, வழக்கமா சாப்பிடுகிறதையும் சாப்பிடவில்லை. குடம் தூக்கினது, மாடு கறந்தது, களை எடுத்தது, கொல்லையில் கீரை கிள்ளினது, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எதுவுமே கிடையாது. பிள்ளை வளர்ந்ததோ இந்த நாட்களில்தான்.

மாசமா இருக்கும்போது படம் எடுத்தால் கண் பட்டுவிடும், ஆயுசு குறையும் என்று பெரியவங்க சொல்வாங்க. அவங்களோடு சண்டை போட வேண்டாம். யாருக்கும் காட்டாமல் போனிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்க. முகம் தெரியணும்னு கூட அவசியம் இல்லை. நான் கேட்கிற படங்கள் மூணுதான்: பாத்தி, தட்டு, வேலை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு நம்ம பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லலாம் என்று அந்தத் தங்கச்சியே அனுமதி கொடுத்திருக்கிறாள். இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊரில் இருந்தபோது அவர் கொத்திக் கொடுத்த பாத்திகள்தான் கொல்லையில் இருப்பவை. அதனால் "கீரை எப்படி வந்திருக்கு, காட்டு" என்று கேட்பார். இவளும் காலையில் ஒரு படம் எடுத்து அனுப்புவாள். தண்டுக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் மணத்தக்காளி, பந்தலில் அவரை. பார்க்கவே குளிர்ச்சியா இருக்கும்.

இவளுடைய தாய்சேய் அட்டையில் ரத்த அளவு 8.6 என்று எழுதியிருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இவ்வளவு கீரை வளர்க்கிற வீட்டில் இப்படியா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம், மத்தியானம் நீ சாப்பிட உட்காரும்போது தட்டையும் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பு என்று சொன்னேன்.

ஏழு நாளில் ஐந்து நாள் ரசம் சோறு, ஊறுகாய். ஒரு நாள் பழைய குழம்பு. ஒரே ஒரு நாள் அவரைக்காய் பொரியல், அதுவும் ஒரு கரண்டி. கீரை ஒரு நாளும் இல்லை. ராத்திரி அவர் போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான்: "பாத்தியில இருக்கே, உன் தட்டுல எங்க?"

இவளுக்கே அப்போதுதான் யோசனை வந்திருக்கிறது. காலையில் பறித்ததில் நல்ல கட்டுகள் கட்டு பத்து ரூபாய்க்குக் கடைக்குப் போய்விடும். மிச்சத்தைக் கடைந்து பெரியவனுக்கும் மாமியாருக்கும் போடுவாள். இவள் உட்காரும்போது சட்டியில் வழித்தாலும் வராது. விற்ற காசு? அது நம்ம குழுவுக்குத்தான் வந்தது. உள்கடன் தவணை ஒரு மாதம் கூடத் தவறாத உறுப்பினர் என்று நாம கைதட்டினோமே, அந்தத் தவணை இவள் தட்டிலிருந்து போனது. மாமியார் கொடுமை, புருஷன் கொடுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவளும் சேர்த்துத்தான்.

குழுக் கூட்டத்தில் பேசி, பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் வரைக்கும் அசலை நிறுத்தி வைத்து வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானம் எழுதினார்கள். இது நம்ம விதிமுறைக்கு உட்பட்டதுதான். உள்கடன் நம்ம பணம், முடிவும் நம்மளுடையது. மற்ற குழுக்களும் உங்க தீர்மான நோட்டில் இதற்கு ஒரு இடம் கொடுங்க.

இன்னொரு படம் சொல்லணும். மூத்தவனுக்கு ஏழு வயது. அம்மா போனை எடுத்துக் கண்டதையும் எடுப்பான், நாய், கோழி, தன் காலு. அப்படி எடுத்ததில் ஒன்று, அம்மா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வரப்பில் நடந்து வருவது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இப்படியா ரெண்டு குடம் தூக்கிட்டு வர்ற?" என்று கேட்டார்களாம். தினமும் வாசலில் உட்கார்ந்து பார்த்ததுதான். படத்தில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. மறுநாளிலிருந்து கைக்குடம் மாமியார் கைக்குப் போய்விட்டது.

கிராம சுகாதார செவிலியர் அதே படத்தில் வேறு ஒன்றைப் பார்த்தார். வெறுங்கால். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து காலடித் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். கொல்லைக்கும் கழனிக்கும் செருப்பு போட்டுக்கொண்டு போங்க என்று சொல்வது இதனால்தான். பூச்சி மாத்திரையை மட்டும் கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீங்க. எந்த மாதத்தில் போடணும் என்று செவிலியர் சொல்வார்.

படம் எடுத்ததால் ரத்தம் கூடிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் காட்டி மாத்திரையைச் சரியாகப் போட்டதில்தான் கூடியது. அதுவும் கடைசிப் பரிசோதனையில் 10.4 தான். செவிலியர் சந்தோஷப்பட்டார், ஆனாலும் 11 வரவில்லையே என்று குறைதான். கீரையில் இருக்கிற இரும்புச்சத்து முழுக்க உடம்பில் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் குறையும். மீன், கறியில் இருக்கிற இரும்பு எளிதாகச் சேரும். இருந்தும் மாத்திரை 180-ம் போட்டே ஆகணும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவங்க நிறையப் பேர். அது மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீங்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இந்தக் கூடத்தில் மாசமா நான்கு பேர் இருக்கீங்க. கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

இப்படிப் பெண்களே தங்கள் வாழ்க்கையைப் படம் எடுக்கிறது நாம புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில், நம்மளைப் போல வயலில் வேலை செய்கிற கிராமத்துப் பெண்கள் 62 பேர் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். பெண்கள் உடல்நலத்துக்கான திட்டம் ஒன்றில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரண்டு பெண்கள் செய்த ஏற்பாடு அது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அதில் இருந்தாங்க. தங்கள் அன்றாட வாழ்க்கையை எடுத்தாங்க. தாய் வேலை செய்ய, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வயலில் தனியாகக் கிடக்கிற குழந்தையையும் எடுத்தாங்க. அந்தப் படங்களை அதிகாரிகளுக்குக் காட்டிப் பேசியதில் குழந்தைகள் காப்பகம், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, பெண் பிள்ளைகள் படிக்க உதவித்தொகை எல்லாம் வந்தன. இங்கே பக்கத்தில், தெலங்கானாவில் ஜகீராபாத் பகுதியில் பஸ்தாபூர் சங்கத்துப் பெண்கள் பல வருடங்களாக வீடியோ கேமரா பிடிக்கிறாங்க. தங்கள் சிறுதானிய வயலைத் தாங்களே எடுக்கிறாங்க.

நமக்குக் கேமரா தேவையில்லை. வீட்டில் ஒரு டச் போன் இருந்தால் போதும். எடுக்கும் முன் கேமராக் கண்ணாடியை முந்தானையால் துடைங்க. நம்ம போனில் பாதிப் படம் மங்கலாக வருவது எண்ணெய்க் கையால்தான். வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். காலை எட்டு மணிக்கு முன்னாடி, இல்லாட்டி சாயங்காலம். உச்சி வெயிலில் எடுத்தால் கீரை வெள்ளையாகத் தெரியும். தட்டை மேலே இருந்து நேராக எடுங்க. அடுக்களை இருட்டாக இருந்தால் வாசல்படிக்குத் தட்டைக் கொண்டு வந்துவிடுங்க.

தோட்டத்துக்கு வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில் நின்று எடுங்க. இதற்குச் செடி முருங்கை ரொம்ப நல்லது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம், விதை போட்ட ஆறாம் மாதம் வாக்கில் காய்க்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் ஒரு விதையை ஊன்றுங்க. வாரா வாரம் அதன் பக்கத்தில் நீங்க நிற்க, வீட்டில் யாராவது எடுக்கட்டும். முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு, பிறகு தலைக்கு மேலே. வயிறும் கூடவே வரும். காய் தொங்கும்போது உங்களுக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். எந்த ஸ்டுடியோவிலும் இப்படி ஒரு படம் கிடைக்காது. பூச்சிக்கு மருந்தடிக்கிற அன்றைக்கு மட்டும் படத்துக்காகக் கூட அந்தப் பக்கம் போகாதீங்க. நம்ம கீரைப் பாத்திக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

தாய்சேய் அட்டையின் எல்லாப் பக்கத்தையும், பிக்மி எண் எழுதிய பக்கத்தையும் சேர்த்து, படம் எடுத்து வைங்க. மழையில் நனைந்து அட்டை கிழிந்து வந்து நின்றவங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் படங்கள் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீங்க, குழு வாட்ஸ்அப்பிலும் போடாதீங்க. எண், முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. இன்னொருத்தர் தட்டையோ வயிற்றையோ எடுக்கணும்னா அவங்களைக் கேட்டுவிட்டு எடுங்க. நாங்க கள வேலைக்கு வருகிறவங்க எடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேளுங்க. கேட்பது உங்க உரிமை.

கடைசியாக, போனை நம்பாதீங்க. கீழே விழும், தண்ணியில் விழும், பிள்ளை விளையாடி அழித்துவிடும். மாதத்துக்கு நாலு படமாவது டவுனில் கழுவி வாங்கி, பின்னால் தேதியும் எத்தனையாவது மாதம் என்பதையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, சேமிப்புப் பாஸ்புக் வைக்கிற கவரிலேயே வைங்க.

பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு அக்கா எழுந்து, "வளைகாப்பு முடிஞ்சு எம் பொண்ணு என் வீட்டுக்கு வந்துருவா. அங்க இருக்கிற தோட்டத்தை யாரு எடுக்கிறது?" என்று கேட்டார். மருமகனை எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்றேன். "அவரு பாத்திக்குத் தண்ணி விடுவாரான்னே தெரியல, இதுல போட்டோ வேறயா" என்றார். அப்படியென்றால் காய்ந்த பாத்தியைத்தான் அவர் எடுத்து அனுப்பணும், தினமும் ஒண்ணு. அதற்குள் இன்னொரு அக்கா, கோழி கிளறினதையும் சேர்த்து எடுக்கச் சொல்லு என்றார். மணி ஒன்றாகிவிட்டது, சாப்பாடும் வந்துவிட்டது. மாசமா இருக்கிற நாலு பேரும் முதலில் உட்காருங்க என்று தலைவி சொல்லிவிட்டார்.