பழவேற்காட்டுக் கல்லறைகள்



பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தோர் நாம். அவ்வாறே வந்து, நம் கரையில் மடிந்தவர்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் கடலும் கூடும் இடத்தில் உள்ளது பழவேற்காடு. டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் அங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு அதுவே தலைநகர். 1825-இல் ஊர் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு.

இடுகாடோ எஞ்சி நிற்கின்றது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! மரணத்திற்கும் வாயிற்காவலர் வேண்டுமோ என்று வியப்பு எழும். உள்ளே, குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த கற்பலகைகள் இறந்தோரின் பெயரும் நாளும் உரைக்கின்றன. தொல்லியல் துறை அவற்றைக் காத்து வருகின்றது, நன்று.

ஆயினும், அவர்கள் எதன் பொருட்டு வந்தனர்? நம் நெசவாளர் நெய்த துணிக்காக. அத்துணியைக் கொடுத்தே மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். பஞ்சக் காலங்களில் வறியோரை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் பட்டாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இத்துறையிலிருந்தே. நெய்தவருக்கும் கல் இல்லை. கப்பலேறியவருக்கும் கல் இல்லை.

விடுமுறையில் சென்னை செல்லும் நம் இளைஞர்கள் ஒரு நாள் பழவேற்காடு செல்க. கல்லறைகளைக் கண்டபின், அருகிலுள்ள மீனவர் குப்பங்களில் முதியோரிடம் பழைய ஊர்க்கதைகளைக் கேட்டு எழுதி வருக. அடுத்த ஆண்டு மலருக்கு அவையே விருந்து.